950 ரூபாய் காந்தச் செஸ்: ஒரு ரிலீஃப் டீச்சரின் மதிப்பீடு

மூடி வைத்தால் வங்கிப் புத்தகம் போடுகிற உறை மாதிரி இருக்கும். கறுப்பு ரெக்சின். திறந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு செஸ் பலகை. ஒரு கட்டம் என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். காய்கள் நிற்காது, படுத்துத்தான் கிடக்கும். மெல்லிய காந்தத் தகட்டில் ராஜா, ராணி, குதிரை என்று படத்தை அச்சடித்துச் சதுரம் சதுரமாக வெட்டியிருக்கிறார்கள். விலை 950 ரூபாய். கொழும்பு புறக்கோட்டை கெய்சர் வீதியில் வாங்கினேன், ஏழு மாதமாகப் பாவிக்கிறேன். உறையில் பிராண்ட் பெயர் எதுவும் இல்லை. நீங்கள் தேடிப் போனால் "பர்ஸ் மாதிரி மடிக்கிற செஸ்" என்று கேளுங்கள், எடுத்துத் தருவார்கள்.

செஸ் விளையாடுபவர்களுக்காக இதை எழுதவில்லை. அவர்களுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. நான் எழுதுவது என்னைப் போல, சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டியவர்களுக்கு.

காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிற தனியார் பாடசாலையில் நான் ரிலீஃப் டீச்சர். யாராவது ஆசிரியர் வராவிட்டால் அந்த வகுப்புக்குப் போவதுதான் என் வேலை. எல்லோரும் வந்துவிட்டால் வேலை இல்லை. ஆனால் நான் அங்கே இருக்க வேண்டும். காலை 7.30க்குக் கையெழுத்து, மத்தியானம் 1.30க்குத்தான் கேட் திறக்கும். இடையில் நாற்பது நாற்பது நிமிடமாக எட்டுப் பாடவேளை. எட்டு மணிக்குக் கிட்ட ஒரு மாணவத் தலைவி ரிலீஃப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள். அதில் என் பெயர் இல்லாவிட்டால் மற்ற டீச்சர்மார் "உங்களுக்கு நல்ல வாழ்க்கை மிஸ்" என்பார்கள். பதினொரு மணிக்கு என் முகத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

வீட்டில் சும்மா இருந்தால் ஒரு தூக்கமாவது போடலாம். இங்கே எந்த நேரமும் யாராவது கதவால் எட்டிப் பார்த்து "மிஸ், பத்து ஏயில் ஒருவரும் இல்லை, உங்களை வரட்டாம்" என்று சொல்லலாம். அதனால் பெரிதாக எதையும் தொடங்க ஏலாது. நாவல் கொண்டுபோனேன், ஒரே பக்கத்தை மூன்று நாள் வாசித்தேன். பத்திரிகை எட்டேகாலுக்கு முடிந்துவிடும். குறுக்கெழுத்தை எனக்கு முன்னமே கணித சேர் பேனையால் நிரப்பியிருப்பார், அதுவும் பாதி பிழையாக. கைபேசியைக் காலையிலேயே அலுவலக அலுமாரியில் வைத்துவிட வேண்டும், அது எங்கள் பாடசாலைச் சட்டம். பின்னல் ஊசி கொண்டுபோன அன்று பக்கத்துக் கதிரை டீச்சர் "எத்தனையாம் மாதம்?" என்று கேட்டார். எனக்கு இன்னும் கலியாணமே ஆகவில்லை. பின்னல் அன்றோடு சரி.

ஆகவே எனக்கு வேண்டியது மூன்றே மூன்று: சத்தம் வரக்கூடாது, ஐந்து விநாடியில் மூட வேண்டும், திரும்பி வரும்போது விட்ட இடத்தில் அப்படியே இருக்க வேண்டும்.

முதலில் வாங்கியது இதை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் எடுத்தது காந்தக் காய்கள் நிமிர்ந்து நிற்கிற பெட்டிச் செஸ், 1,650 ரூபாய். நான் கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிறவள். போகும்போதும் வரும்போதும் புறக்கோட்டையில் பஸ் மாற வேண்டும், அதனால் எதைக் கண்டாலும் வாங்குகிற வியாதி உண்டு. கடைக்காரர் பலகையில் காய்களை அடுக்கி, தலைகீழாகக் கவிழ்த்து, "பாருங்க டீச்சர், ஒண்ணாவது விழுதா? இத பஸ்ஸிலயே விளையாடலாம்" என்றார். ஒன்றும் விழவில்லை. அந்த வித்தையில் மயங்கிப் போனேன். மூடிக் காட்டுங்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஸ்டாஃப் ரூமில் வைத்துத்தான் விளங்கியது. பெட்டியின் வெளிப்பக்கம்தான் பலகை, உட்பக்கம் காய்களைப் போட்டு வைக்கிற இடம். மூட வேண்டுமென்றால் முப்பத்திரண்டு காயையும் பிடுங்கி உள்ளே கொட்ட வேண்டும். ஆட்டம் போச்சு. கொட்டிய பிறகு நடந்தால் கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம். ஒருநாள் ஒன்பதாம் தரத்து வகுப்பில் தவணைப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது அந்தத் தாழ்வாரத்தால் கைப்பையோடு போனேன், பிள்ளைகள் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். கடல் காற்றும் சேர்ந்துகொண்டது. இரண்டு மாதத்தில் பிணைச்சல் துருப்பிடித்து வெள்ளை ரவிக்கையில் ஒரு கறை வைத்தது. இப்போது அது வீட்டில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் அழகுப் பொருளாக இருக்கிறது. வீட்டில் விளையாட வாங்குகிறவர்களுக்கு அது நல்ல பொருள்தான், காந்தமும் உண்மையிலேயே நல்ல பிடி. எனக்கு மட்டும் உதவாது.

பர்ஸ் செஸ் அப்படி அல்ல. புத்தகம் மாதிரி உட்பக்கமாக மடிகிறது, காய்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். "உங்களை வரட்டாம்" என்றால் டப்பென்று மூடிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு எழும்பலாம். நாற்பது நிமிடம் கழித்து வந்து திறந்தால், விட்ட இடத்தில் ராஜா அதே சிக்கலில் நிற்கிறார். அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஏழு மாதத்தில் அந்த வேலையில் எனக்காகக் காத்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

தனியாக இருந்து செஸ் பலகையில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நானும் முதலில் வலது கையும் இடது கையுமாக விளையாடிப் பார்த்தேன். அது அலுப்பு, இரண்டு பக்கமும் என் மொக்கு மூளைதானே. அப்புறம்தான் புதிர்களுக்குப் போனேன். உங்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன், இது போதும் ஒரு கிழமைக்கு.

நாலே நாலு காய். கட்டங்களுக்கு இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை, கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை பெயர். வெள்ளை ராஜா வலது மேல் மூலையில், எச்8இல். வெள்ளைச் சிப்பாய் சி6இல். கறுப்பு ராஜா ஏ6இல், கறுப்புச் சிப்பாய் எச்5இல். நடை வெள்ளைக்கு. வெள்ளை தோற்காமல் சமன் செய்ய வேண்டும். பார்த்தவுடன் நடக்காத காரியம் என்றுதான் சொல்வீர்கள். கறுப்புச் சிப்பாய் நாலு நடையில் கீழே கடைசி வரிசைக்குப் போய் ராணியாகிவிடும். அதைத் துரத்தினால் வெள்ளை ராஜா இரண்டு நடை பிந்திவிடுவார். தன் சிப்பாயைக் காப்பாற்றப் போனாலோ அது இன்னும் தூரம், கறுப்பு ராஜா அதற்குப் பக்கத்திலேயே கத்தியோடு நிற்கிறார். நான் மூன்று நாள், கிடைத்த ஓய்வு வேளையெல்லாம் இதையே நோண்டினேன்.

விடை மூலைவிட்டம். ஜி7, எஃப்6, ஈ5 என்று ராஜா சரிவாக இறங்குகிறார். ஒவ்வோர் அடியும் எதிரிச் சிப்பாயையும் நெருங்குகிறது, சொந்தச் சிப்பாயையும் நெருங்குகிறது. கறுப்பு இரண்டில் ஒன்றைத்தான் தடுக்கலாம். கறுப்பு ராஜா நடந்து வந்து வெள்ளைச் சிப்பாயை வெட்டினால், இவர் போய் அதன் சிப்பாயைப் பிடித்துவிடுவார். அது ராணியாக ஓடினால், இவர் தன் சிப்பாய்க்குத் துணை நின்று அதையும் ராணியாக்கிவிடுவார். செஸ் பலகையில் நேராகப் போனாலும் சரிவாகப் போனாலும் ராஜாவுக்கு ஒரு கட்டம் ஒரு நடைதான், பைதகரஸுக்கு அங்கே வேலை இல்லை. 1921இல் ரிச்சர்ட் ரேட்டி என்பவர் அமைத்த புதிர் இது. எங்கள் தாத்தா பிறந்ததும் அந்த வருசம்தான், அதனால் மனதில் நின்றுவிட்டது.

ஈ5ஐக் கண்டுபிடித்த அன்று ஸ்டாஃப் ரூமில் வாய்விட்டு "அட" என்றேன். உப அதிபர் மிஸ் திரும்பிப் பார்த்தார். "என்ன மிஸ் அது, சீட்டா?" பர்ஸைத் தூக்கிக் காட்டினேன். அவர் கிட்ட வந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "இதில் ராணிகள் எங்கே?" என்றார். இன்னும் பிறக்கவில்லை மிஸ் என்றேன். அதன் பிறகு பலகையைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

அடுத்தது குதிரைச் சுற்று. வெறும் பலகையில் ஒரு குதிரை, நேராக இரண்டு கட்டம், பக்கமாக ஒரு கட்டம் என்று தாவும். 64 கட்டத்திலும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மிதிக்க வேண்டும். இதற்குப் பலகை மட்டும் போதாது, எங்கே மிதித்தோம் என்று நினைவிருக்காது. கட்டம் போட்ட கணிதக் கொப்பியில் எட்டுக்கு எட்டு வரைந்து இலக்கம் போட்டுக்கொண்டே போக வேண்டும். நான் 50ஐத் தாண்டுவேன், 55ஐத் தாண்டுவேன், பிறகு ஏதாவது ஒரு மூலை தனியாக மிஞ்சிப் போய் நிற்கும். ஒருதரம் 61 வரை போனேன். அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

கணித சேர்தான் வழி சொன்னார். ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருக்கிறது அவருக்கு, குறுக்கெழுத்தில்தான் மோசம், மற்றதில் ஆள் கெட்டிக்காரர். கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, அடுத்து எங்கே போகலாம் என்று பாராதீங்கோ. அங்கே போனால் அதற்குப் பிறகு எத்தனை வழி இருக்கு என்று எண்ணுங்கோ. ஆகக் குறைஞ்ச வழி உள்ள கட்டத்துக்கு முதல் போங்கோ" என்றார். மூலைக் கட்டத்துக்கு வந்துபோக இரண்டே வழி, நடுக் கட்டத்துக்கு எட்டு. நடு பிறகும் கிடைக்கும், மூலை கிடைக்காது. அன்றே 64ஐ முடித்தேன். வீட்டுக்குப் போய்த் தேடினால், 1823இலேயே வார்ன்ஸ்டோர்ஃப் என்ற ஜெர்மன்காரர் இதை எழுதிவிட்டாராம். அதற்கும் முன்னால், 1759இல், கணித மேதை ஒயிலர் இந்தச் சுற்றைக் கணிதமாக ஆராய்ந்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் எழுந்த சமஸ்கிருத அணியிலக்கண நூல் ஒன்றில், பாதிப் பலகைக்கு, 32 எழுத்தில் ஒரு செய்யுள் இருக்கிறது. நேராக வாசித்தாலும் குதிரை தாவுகிற வழியில் வாசித்தாலும் அதே செய்யுள் வரும். இதைச் செய்தவருக்கு எத்தனை ஓய்வுப் பாடவேளை இருந்திருக்கும் என்றுதான் நான் யோசித்தேன்.

புறப்பட்ட கட்டத்துக்கே அடுத்த தாவலில் திரும்பி வரக்கூடிய சுற்றுகள் மட்டும், திசையையும் கணக்கில் எடுத்தால், 26 இலட்சம் கோடிக்கு மேல் உண்டு. ஆகவே சரக்குத் தீர்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம்.

கணித சேரோடு இப்போது ஓர் ஆட்டமும் ஓடுகிறது. அவர் தண்ணீர் குடிக்க வரும்போது ஒரு நடை, நான் அடுத்த நாள் ஒரு நடை. முதல் ஆட்டம் ஐந்து கிழமை இழுத்தது. அதில் ஒரு கிழமை அவர் காய்ச்சலில் வராமல் விட்டார். அவருடைய வகுப்புகளுக்கு நான்தான் ரிலீஃப் போனேன், பலகை பையிலேயே கிடந்தது.

ரிலீஃப் வகுப்பிலும் இது கைகொடுத்ததுதான் நான் எதிர்பாராதது. எட்டாம் தரம், 36 பேர், வராத டீச்சர் வேலை ஒன்றும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. கதவைத் திறந்ததுமே "மிஸ், கிரவுண்டுக்கு விடுங்க மிஸ்" என்ற கோரஸ். பர்ஸ் செஸ்ஸை 36 பேருக்குக் காட்ட ஏலாது, முன்வரிசைக்கே தெரியாது. அதனால் கரும்பலகையில் நாலுக்கு நாலு கட்டம் கீறி, நாலு ராணியை ஒன்றையொன்று வெட்டாமல் வைக்கச் சொன்னேன். ராணி நேராகவும் சரிவாகவும் எத்தனை கட்டமும் போகும் என்று சொல்ல இரண்டு நிமிடம். அப்புறம் ஐந்து நிமிடம் சத்தமே இல்லை. எட்டாம் தரத்தில் ஐந்து நிமிடம் என்றால் தெரியும்தானே.

கடைசி வாங்கிலிருந்து ஒருவன், "மிஸ், மூணுக்கு மூணில ஏலாது மிஸ்" என்றான். ஏன் என்றேன். "நடுவில வச்சா எல்லாரும் செத்தாங்க. மூலையிலயோ ஓரத்திலயோ வச்சா இன்னும் ஒரு ஆள்தான் தப்புவா." நான் கேட்காத கேள்விக்கு அவன் நிறுவல் சொல்லிவிட்டான். நாலில் இரண்டு விடை. ஐந்துக்கு ஐந்தில் பத்து. சரி, ஆறுக்கு ஆறில் இன்னும் கூட இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். இல்லை, நாலே நாலு. "மிஸ் பிழையாச் சொல்றாங்க" என்று ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடம் சொன்னது எனக்குக் கேட்டது. எட்டுக்கு எட்டில் 92 என்று எழுதிப் போட்டேன். திருப்பிப் பார்த்தால், கண்ணாடியில் பார்த்தால் ஒன்றாகவே இருக்கிறவற்றைச் சேர்த்துவிட்டால் 12. பதினொன்று எட்டு எட்டாகப் பெருகும், ஒன்று மட்டும் தன்னையே ஒத்திருப்பதால் நாலாக நிற்கும். 88ம் 4ம். அதற்குள் மணி அடித்துவிட்டது.

அடுத்த நாள் இடைவேளைக்கு அந்தப் பிள்ளை ஸ்டாஃப் ரூம் வாசலில் கொப்பியோடு நின்றது. 2, 4, 6, 1, 3, 5 என்று வரிசை வரிசையாக ராணிகள். "ஆறுக்கு ஒண்ணு வந்துச்சு மிஸ். மற்ற மூணும் இன்னும் வரல." அதைக் கண்ணாடியில் பார் என்று சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. பாவம், அந்தப் பிள்ளைக்கும் ஓய்வு வேளை வரும்.

இனி குறைகள்.

காய்களை நகத்தால் கிள்ளித்தான் எடுக்க வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டுகிறவர்கள் பாடுபடுவார்கள். மந்திரியும் சிப்பாயும் தூரத்தில் ஒன்று மாதிரியே தெரியும், வெள்ளெழுத்துக் கண்ணுக்கு இது சரிவராது. கணித சேர் இரண்டு தடவை என் மந்திரியைச் சிப்பாய் என்று நினைத்து ராணியைப் பறிகொடுத்தார், நான் திருப்பிக் கொடுக்கவில்லை. கொழும்பு வெக்கையில் வியர்த்த விரலால் ஏழு மாதம் தொட்டதில் வெள்ளைக் காய்களின் அச்சு மங்கிவிட்டது, ஒரு குதிரைக்குத் தலை இல்லை.

பெரிய குறை வேறு. மூடும்போது எதிர்ப் பக்கத்துக் காய்கள் முகத்துக்கு முகம் வந்து நிற்கும். சில வேளை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பக்கம் மாறி வரும். ஒருநாள் திறந்தால் என் கோட்டை கறுப்பு ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டத்தில், யாரும் நடத்தாமலேயே, செக் வைத்துக்கொண்டு நிற்கிறது. இதற்கு மருந்து ஒரு துண்டுக் கடதாசி, மூடுவதற்கு முதல் நடுவில் வைத்துவிட்டால் நகராது. நான் வைப்பது "9பி, 4ஆம் பாடம், தமிழ்" என்று எழுதித் தந்த பழைய ரிலீஃப் துண்டு. அந்தத் துண்டுகளால் எனக்குக் கிடைத்த ஒரே பிரயோசனம்.

நல்லதும் சொல்ல வேண்டும். தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றினாலும் ஒரு காய் அசையாது. 100ஆம் இலக்க பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் மடியில் வைத்தே ஆடலாம், சாரதி பிரேக் போடுகிற விதத்துக்கும் தாங்கியது. பரீட்சை மண்டபக் கடமையில் மட்டும் வெளியே எடுக்காதீர்கள். அங்கே நமக்கு இருக்கிற அலுப்புக்கு மேற்பார்வை என்று பெயர், அதைச் செய்யத்தான் வேண்டும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். மேலதிகக் காய் ஒன்றிரண்டு சேர்த்துத் தந்திருந்தால் நாலு கொடுத்திருப்பேன், ஏனென்றால் மூன்றாம் மாதமே ஒரு கறுப்புச் சிப்பாய் தொலைந்துவிட்டது. பத்து ஏ வகுப்பில் விழுந்திருக்க வேண்டும். மேசைக்குக் கீழே குனிந்து தேடினேன், பிள்ளைகளும் என்ன ஏது என்று தெரியாமல் சேர்ந்து தேடினார்கள், கிடைத்தது இரண்டு அழிரப்பரும் யாரோ ஒருவரின் பல்லு கிளிப்பும். காயைத் தனியாக விற்க மாட்டார்களாம். கடைசியில் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த, கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற கடையின் விளம்பரக் காந்தத்தை எடுத்து, ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம் கத்தரித்தேன். தடிப்பும் சரி, பிடியும் சரி. என்னுடைய எட்டாவது கறுப்புச் சிப்பாய் இப்போது மஞ்சள் நிறத்தில் 7 என்ற இலக்கத்தோடு நிற்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை புட்டு அவித்துக்கொண்டிருக்கும்போதே கேஸ் முடிந்தது. அம்மா அந்தக் காந்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "பிள்ளை, இதில ஒரு நம்பர் குறையுது, என்னெண்டு பார்" என்றார். கைப்பை எங்கே இருக்கிறது என்று தேடப் போனேன்.